கனடாவில் கராஜ் கதவு வாங்குகிறீர்களா? ‘ஆர்-18’ என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

டொராண்டோ பக்கம் வேலை கிடைத்து, சில வருடம் வாடகைக்கு இருந்து, ஒருவழியாக பிராம்ப்டனிலோ மார்க்கமிலோ வீடு வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டோடு ஒட்டிய கராஜ், அதற்கு மேலே ஒரு படுக்கையறை. வீட்டிலேயே அந்த அறைதான் அதிகம் சில்லிடுகிறது என்பது முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் கொடுக்க நினைத்ததும் அதே அறைதான்.

கராஜ் கதவை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். ஆர்-9 கதவுக்கு ஒரு விலை, ஆர்-18 கதவுக்கு அதைவிட நல்ல கூடுதல் விலை. “ரெண்டு மடங்கு இன்சுலேஷன்” என்பதுதான் அவர் சொல்லும் காரணம். பணத்தைக் கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

இது நம்மூர் ஷட்டர் இல்லை

நம்மூர் கடை ஷட்டர் மேலே போய் சுருளும். வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுவல்ல. நான்கைந்து பட்டையான எஃகுப் பலகைகளைக் கீல் வைத்து இணைத்திருப்பார்கள். இருபக்கத் தண்டவாளத்தில் ஏறி, கூரையை ஒட்டிக் கிடையாகப் படுத்துக்கொள்ளும்.

இதில் மூன்று வகை. வெறும் ஒற்றை எஃகுத் தகடு முதல் வகை. தகட்டின் பின்னால் ஃபோம் பலகை ஒட்டியது இரண்டாவது. முன்னும் பின்னும் எஃகு, நடுவில் ஃபோம் என்று சாண்ட்விச் மாதிரி இருப்பது மூன்றாவது. அந்த ஃபோமிலும் இரண்டு உண்டு. ஒன்று பாலிஸ்டைரீன், அதாவது நம்ம தெர்மோகோல். அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-4 தரும். இன்னொன்று பாலியுரேத்தேன், ஃபிரிட்ஜ் கதவுக்குள் நிரப்புகிற வகை. அங்குலத்துக்கு ஆர்-6 அல்லது கொஞ்சம் மேலே. இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஊற்றிப் பொங்கவிடுவதால் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கதவும் விறைப்பாக நிற்கும், சத்தமும் குறையும். 2 அங்குலக் கதவுகளில் தெர்மோகோல் என்றால் ஆர்-9 வாக்கிலும், பாலியுரேத்தேன் என்றால் ஆர்-18 வாக்கிலும் எழுதியிருப்பார்கள்.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு மிச்சம்?

ஆர் மதிப்பு என்பது வெப்பம் கடந்து போவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு. எண் கூடினால் எதிர்ப்பும் கூடும். ஆனால் எண் கூடக் கூட, கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். இதை விளம்பரத் தாளில் யாரும் வரைந்து காட்டுவதில்லை.

நாமே கணக்குப் போடலாம். இரண்டு கார் அகலக் கதவு, 16 அடிக்கு 7 அடி, மொத்தம் 112 சதுர அடி. இடம் வினிபெக் என்று கொள்வோம். ஜனவரியில் அங்கே சராசரியே மைனஸ் 16 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். வெளியே மைனஸ் 20, கராஜுக்குள் ஹீட்டர் போட்டு 5 டிகிரி வைத்திருக்கிறீர்கள். வித்தியாசம் 25 டிகிரி.

வெறும் தகட்டுக் கதவுக்கு, இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஆர்-1. அதன் வழியாக வெளியேறும் வெப்பம் சுமார் 1,480 வாட். ஓர் இண்டக்‌ஷன் அடுப்பை இடைவிடாமல் ஓடவிட்டு, சூட்டைத் தெருவுக்கு அனுப்புவது போல. ஆர்-6 கதவு போட்டால் இழப்பு 246 வாட்டாக விழுகிறது. ஆர்-9 என்றால் 164 வாட், ஆர்-12 என்றால் 123, ஆர்-18 என்றால் 82.

முதல் பாய்ச்சலில் 1,230 வாட்டுக்கு மேல் மிச்சம். ஆர்-9 இலிருந்து ஆர்-18க்குப் போனால் மிச்சமாவது 82 வாட், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவு. மாதம் முழுக்க அதே மைனஸ் 20 நீடித்தாலும் 59 யூனிட்தான். டொராண்டோவின் ஜனவரி சராசரி மைனஸ் 4 டிகிரி வாக்கில் என்பதால் அங்கே இன்னும் குறைவு. கராஜில் ஹீட்டரே இல்லையென்றால் உள்ளேயும் குளிர்ந்துகிடக்கும், வித்தியாசம் சுருங்கும், மிச்சமும் சுருங்கும்.

அந்த எண் எந்த இடத்தில் அளந்தது?

மேலே போட்ட கணக்கு, கதவு முழுக்க ஒரே ஆர் மதிப்பு என்று நம்பிப் போட்டது. நிஜத்தில் அப்படி இல்லை. விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் பலகையின் எதிர்ப்பு மட்டும். பலகைகள் சேரும் இடம், ஓரச் சட்டம், கீல், கதவைச் சுற்றிய இடைவெளி எதுவும் அதில் வராது. முழுக் கதவாகப் பொருத்திச் சோதித்தால் மதிப்பு கணிசமாக இறங்கிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு தரநிலை இருக்கிறது: ஆன்சி/டாஸ்மா 105. அதில் வருவது ‘யு’ மதிப்பு. ஆர் மதிப்புக்கு நேர் தலைகீழ், சிறியதாக இருந்தால்தான் நல்லது. 1ஐ யு மதிப்பால் வகுத்தால் முழுக் கதவின் ஆர் மதிப்பு கிடைக்கும். யு 0.20 என்றால் ஆர்-5. ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “பொருத்திச் சோதித்த யு மதிப்பு எவ்வளவு, காற்றுக் கசிவு எவ்வளவு?” பதில் வராவிட்டால், ஆர்-18க்கான கூடுதல் விலையைக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அலகிலும் ஒரு குழப்பம் உண்டு. கனடாவில் சில தாள்களில் ஆர்எஸ்ஐ என்ற மெட்ரிக் எண் இருக்கும். அதை 5.68ஆல் பெருக்கினால் பழைய ஆர் மதிப்பு. ஆர்எஸ்ஐ 2.1 என்பதும் ஆர்-12 என்பதும் ஒன்றேதான். 2.1ஐப் பார்த்து மட்டமான கதவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கதவில் ஜன்னல் வைத்தால் அந்த இடத்தில் ஃபோம் கிடையாது, எதிர்ப்பு சரியும். வெளிச்சம் வேண்டும் என்றால் இரட்டைக் கண்ணாடி கேளுங்கள். உள்தகடும் வெளித்தகடும் ஓரங்களில் நேராகத் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் வெப்பத்தடுப்புப் பட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டுக்கொண்டால் குளிர் எஃகு வழியாகவே உள்ளே வந்துவிடும்.

ஆறு மில்லிமீட்டர் சந்து

கதவின் அடியில் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். 16 அடி நீளத்துக்கு அதன் பரப்பு 290 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஏ4 தாளில் கிட்டத்தட்ட பாதி. சுவரில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு ஆர்-18 ஃபோம் வாங்குவதில் என்ன பயன்?

அதனால் நாலு பக்கமும் ரப்பர் பீடிங் எப்படி என்று பாருங்கள். அடிப்பட்டை வினைலாக இருந்தால் கடுங்குளிரில் விறைத்துப்போய் தரையோடு படியாது. இபிடிஎம் ரப்பர் குளிரிலும் வளையும். தரை மேடுபள்ளமாக இருந்தால் எந்தப் பட்டையும் முழுசாக அடைக்காது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அப்ப அந்த மேல் அறை?

உண்மையைச் சொன்னால், அந்த அறையின் குளிருக்குக் கதவு இரண்டாவது சந்தேக நபர்தான். முதலாவது, அறையின் தரைக்கும் கராஜ் கூரைக்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷன். அது சரிந்து தரைப்பலகையை விட்டு விலகியிருந்தாலோ, ஓரங்களில் காற்று புகுந்தாலோ எந்தக் கதவும் காப்பாற்றாது. கதவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அதைச் சோதிக்க ஓர் ஆளைக் கூப்பிடுங்கள்.

கூரைச் சந்துகளை அடைப்பதில் இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. கராஜ் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். குளிர் வரும் சந்து வழியாகத்தான் அதுவும் படுக்கையறைக்கு வரும். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், சுற்றிலும் பீடிங் இருக்க வேண்டும் என்று கனடாவின் கட்டட விதி சொல்வதும் இதற்காகத்தான். குளிருக்குப் பயந்து கராஜுக்குள்ளேயே காரைச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும்.

எதை வாங்கலாம்?

தனியாக நிற்கும், ஹீட்டர் இல்லாத கராஜ் என்றால் இன்சுலேஷனுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டோடு ஒட்டிய, ஹீட்டர் இல்லாத கராஜுக்கு ஆர்-9 முதல் ஆர்-12 வரையிலான சாண்ட்விச் கதவும் நல்ல பீடிங்கும் போதும். ஹீட்டர் போட்டு உள்ளே வேலை பார்ப்பவர், அல்லது வினிபெக் மாதிரி ஊரில் இருப்பவர் பாலியுரேத்தேனுக்குப் போகலாம், யு மதிப்பைக் கேட்டுவிட்டு.

எஃகின் தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறைந்தால் தகடு தடிமன்: 24 கேஜ், 28 கேஜைவிடக் கெட்டி. சாலையில் தூவும் உப்பு காரோடு கராஜுக்குள் வந்து கதவின் அடியில்தான் தேங்கும். துத்தநாகப் பூச்சு இல்லாத தகடு அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும்.

பழைய கதவிலேயே ஃபோம் ஒட்டும் கிட் கடைகளில் கிடைக்கிறது. மலிவுதான். ஆனால் கதவின் எடை கூடும், எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் இல்லாவிட்டால் கதவைத் தூக்கும் மோட்டார் திணறும். வழக்கமான ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முறை திறந்து மூடுவது. நாளுக்கு 4 முறை என்றால் ஏழு வருடம்கூட வராது, அது உடைவதும் பெரும்பாலும் குளிர்ந்த காலையில்தான். வீடியோ பார்த்து நீங்களே கழற்ற முயலாதீர்கள். முறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் கை எலும்பை முறித்துவிடும்.

இன்னொன்று. பனி உருகி உறைந்த காலையில் அடிப்பட்டை தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினால் ரப்பர் கிழிந்து கையோடு வரும். வெந்நீர் ஊற்றினால் அதுவும் உறையும். மோட்டாரை விடுவித்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பனியை எடுத்து, கையால் மெதுவாகத் தூக்குங்கள். பிறகு பட்டையைத் துடைத்துக் காயவைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்துவிட்டால் அடுத்த முறை அவ்வளவு லேசில் ஒட்டாது.