காரில் உரிமத் துப்பாக்கி இருந்தால், உடன் பயணிப்பவர்களின் சட்ட நிலை என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரில் நடக்கும் ஒரு நிக்காஹ்வுக்குக் குடும்பத்தோடு காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் ஓட்டுபவர் உங்கள் மச்சான். பட்டு வியாபாரத்துக்காகப் பணமும் சரிகையும் கொண்டு அலைபவர் என்பதால் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கி வைத்திருக்கிறார். ரிவால்வர் டேஷ்போர்டு அறையில் இருப்பது காரிலுள்ள எல்லோருக்கும் தெரியும். வழியில் டீ குடிக்க அவர் இறங்கிப் போகிறார். அந்த நேரம் பார்த்து போலீஸார் வாகனத் தணிக்கைக்கு வருகிறார்கள். காருக்குள் இருப்பது நீங்கள், உங்கள் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன். துப்பாக்கி இப்போது யார் வசம் இருக்கிறது?

"லைசென்ஸ் இருக்கிறதே, பிறகென்ன?" என்றுதான் பலரும் நினைக்கிறோம். லைசென்ஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அது மச்சானுக்குத்தான் இருக்கிறது. காருக்கோ குடும்பத்துக்கோ அது பொருந்தாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 3, துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ அந்த நபர் பெயரில் உரிமம் வேண்டும் என்கிறது. கணவரின் உரிமத்தில் மனைவி வைத்துக்கொள்ள முடியாது. தந்தையின் உரிமத்தில் மகன் எடுத்துப் போக முடியாது.

அதே பிரிவில் ஒரு சிறிய விலக்கும் உண்டு. உரிமதாரர் உடனிருக்கும்போது, அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருக்கும்போது, உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம். அதற்கும் மூன்று காரணங்கள் மட்டுமே: பழுது பார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்துவதற்காக. மச்சான் பக்கத்தில் இருக்க, அவருடைய துப்பாக்கிப் பையை நீங்கள் மடியில் வைத்திருந்தால் இந்த விலக்கு உங்களைக் காக்கும். அவர் இல்லாத நேரத்தில், எழுத்தும் இல்லாமல், அதே பையை நீங்கள் கையில் எடுத்தால் காக்காது. "கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று வாயால் சொன்னது எழுத்து மூலமான அதிகாரம் ஆகாது.

சரி, யாரும் தொடவே இல்லை, காரில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது?

இங்கேதான் ‘வசம் வைத்திருத்தல்’ என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் கொடுத்த பொருள் முக்கியமாகிறது. குன்வந்த்லால் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. துப்பாக்கி இருக்கிறது என்ற அறிவு ஒருவருக்கு இருக்க வேண்டும். கையில் இல்லாவிட்டாலும் அதன் மீது அதிகாரமோ கட்டுப்பாடோ இருந்தால் அதுவும் வசம்தான். நடிகர் சஞ்சய் தத் வழக்கில் 1994இல் அரசியல் சாசன அமர்வும் ‘அறிந்து வைத்திருத்தல்’ என்ற அளவுகோலையே வலியுறுத்தியது. பையில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையங்களில் பிடிபட்ட பயணிகள் சிலர் மீதான வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த அடிப்படையில்தான். தெரியாமல் இருந்தது என்று காட்ட முடிந்தவர் தப்பினார்.

இந்த அளவுகோலின் மறுபக்கத்தையும் கவனியுங்கள். உரிமதாரர் டீக்கடையில் நிற்பதால் மட்டும் துப்பாக்கி அவர் வசத்தைவிட்டுப் போய்விடாது. சாவி அவரிடம், கட்டுப்பாடு அவரிடம். டேஷ்போர்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கிறது. திறந்து போட்டுவிட்டு, கார்ச் சாவியையும் மகனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு உங்கள் வழக்கறிஞர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

பிரிவு 35: ‘வாகனம்’ என்றே எழுதியிருக்கிறது

ஆயுதச் சட்டத்தில் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய பிரிவு 35தான், ஆனால் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பலர் சேர்ந்து இருக்கிற, அல்லது பலரின் கூட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள ஓர் இடத்திலோ வாகனத்திலோ ஆயுதம் கண்டெடுக்கப்பட்டு, அந்த ஆயுதம் தொடர்பாக இச்சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் நடந்திருந்தால், ஆயுதம் அங்கிருப்பது தெரியும் என நம்பக் காரணம் உள்ள ஒவ்வொருவரும், தாமே தனியாக அக்குற்றத்தைச் செய்ததுபோலப் பொறுப்பாவார்கள். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் மேல் விழுகிறது.

அடித்தளமாக ஒரு குற்றம் இருந்தால்தான் இந்தப் பிரிவு வேலை செய்யும். செல்லுபடியாகும் உரிமத்தோடு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உரிமதாரரே உடனிருந்தால் குற்றமே இல்லை. உடன் பயணிப்பவர்களுக்கும் எதுவும் இல்லை. எனவே உங்கள் பாதுகாப்பு மச்சானின் காகிதங்கள் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்பதில் அடங்கியிருக்கிறது.

அந்தக் காகிதங்களில் எங்கே ஓட்டை விழும்? முதலாவது காலாவதி. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அது முடிந்த தேதியை மறந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டாவது எல்லை. உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் கார் நுழைந்த அந்த நிமிடமே நிபந்தனை மீறல். திருத்தணி வழியாக ஆந்திராவுக்குள் போனாலும் அப்படித்தான். மூன்றாவது, காஞ்சிபுரம்வாசிகளுக்கு மிகவும் பொருந்துவது: சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குள் ஆயுதம் கொண்டு போகக் கூடாது என்பது உரிமத்தின் வழக்கமான நிபந்தனை. வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்குள் ரிவால்வர் இருப்பது நல்லதல்ல. மகளைக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டு விடும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

தேர்தல் காலத்தைச் சொல்லவே வேண்டாம். பட்டு வாங்க வருவோரின் ரொக்கத்தை எண்ணிப் பார்க்கும் பறக்கும் படை, டேஷ்போர்டையும் திறக்கும். காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்திருந்தால், துப்பாக்கி காரில் இருப்பதே தவறு.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2019க்கு முன் இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. பிரிவு 3ஐ மீறிய குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது பிரிவு 39. அது ஒரு வடிகட்டிதான். ஆனால் கைதும் விசாரணையும் அதற்கு முன்பே வந்துவிடும்.

அமெரிக்காவில் உறவினர்கள் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 1973இல் நியூயார்க் மாநில நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்ற ஒரு காரைப் போலீஸார் நிறுத்தினர். 16 வயதுப் பெண்ணின் கைப்பையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவளோடு பயணித்த மூன்று ஆண்களும் சேர்த்தே தண்டிக்கப்பட்டனர். காரில் துப்பாக்கி இருந்தால் அதிலுள்ள அனைவர் வசமும் இருந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது அந்த மாநிலச் சட்டம். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இதை ஏற்றது. உடன் இருப்பவர்களில் ஒருவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால் அந்த அனுமானம் பொருந்தாது என்ற விலக்கும் அங்கே உண்டு. நம் பிரிவு 35, ‘தெரியும் என நம்பக் காரணம்’ கேட்பதால் பயணிக்குச் சற்று இரக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரிமதாரரின் பொறுப்பு

காரில் துப்பாக்கி வைத்திருப்பவர் இதையும் படிக்கட்டும். உரிமை இல்லாத ஒருவர் வசம் ஆயுதத்தை ஒப்படைப்பது பிரிவு 29இன்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 21 வயது நிறையாதவரிடம் ஆயுதம் போகவே கூடாது என்கிறது பிரிவு 9. பயிற்சிக்கு மட்டும் தனி விதி உண்டு. "சும்மா பிடித்துப் பார்" என்று மைத்துனன் கையில் கொடுத்து போட்டோ எடுப்பது விளையாட்டல்ல. பின் இருக்கையில் குழந்தை எடுத்து வெடித்து ஓர் உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106இன் கீழ் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

2020 நவம்பரில் சென்னை சவுகார்பேட்டையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் முன்னாள் ராணுவத்தினர் ஒருவரும் கைதானார். அவருடைய துப்பாக்கியும் காரும் பயன்படுத்தப்பட்டன என்பது போலீஸ் தரப்பு. காரை இரவல் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வழிப்பறி நடக்கும்போது உடன் இருப்பவர் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டால்? உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால் தற்காப்புரிமை எல்லோருக்கும் உண்டு; அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அது சுட்டதற்கான பதில். துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது, ஆபத்து நீங்கிய பிறகு எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

தணிக்கையில் நிறுத்தப்பட்டால், ஆயுதம் கொண்டு செல்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லப் போலீஸாருக்குப் பிரிவு 19 அதிகாரம் தருகிறது. ஓட்டுநரே முதலில் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியை எடுத்துக் காட்டக் கை நீட்டக் கூடாது. உடன் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். அவர் வெளியே போயிருந்தால் போன் செய்து வரவழையுங்கள். அதுவரை "இது இன்னாருடையது, உரிமம் அவரிடம் இருக்கிறது" என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள். புறப்படும் முன்பே உரிமத்தை வாங்கித் தேதியையும் எல்லையையும் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மாமனாராக இருந்தாலும் கேட்கலாம்.

உரிமதாரர் வஃபாத் ஆகிவிட்டால், அவருடைய உரிமம் வாரிசுகளுக்குத் தானாக வராது. காரிலோ பீரோவிலோ இருக்கும் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிரிவு 21 இதைச் சொல்கிறது. வாரிசு தம் பெயரில் வைத்துக்கொள்ள விரும்பினால் காஞ்சிபுரத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கி ஒப்படைத்த இடத்திலேயே இருக்கும்.