இரண்டில் தொடங்கும் எண்

கனகம்மாசத்திரத்தில் ஒரு பெண் வீட்டில் ஆவக்காய் போட்டு, பாட்டிலில் அடைத்து, திருத்தணிக் கடைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி லேபிளில் 14 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். முதல் இலக்கம் 2 என்றால் அவர் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர். 1 என்றால் உரிமம் பெற்ற பெரிய நிறுவனம். அடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும். அதே ஊறுகாயை எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் நகரியில் போட்டால் அங்கே 01 வரும்.

இந்த எண்ணின் வேரைத் தேடிப் போனால் ஒரு மிட்டாயில் போய் நிற்கும். 1858 அக்டோபரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு சந்தையில் விற்ற மிட்டாயைத் தின்று சுமார் இருபது பேர் செத்தார்கள். இருநூறு பேர் வரை நோயில் விழுந்தார்கள். சர்க்கரை விலை அதிகம் என்பதால் ஜிப்சம் பொடியைக் கலப்பது அங்கே வழக்கம். பொடி வாங்கப் போன மருந்துக் கடையில் தவறுதலாக ஆர்சனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. 1860-ல் பிரிட்டன் உணவுக் கலப்படச் சட்டம் கொண்டுவந்தது.

பிரிட்டனின் ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்தின் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918-ல் வந்தது. திருத்தணிப் பகுதி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரத்தோடு போனது, ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதற்குள், 1955 ஜூனிலேயே, மத்திய அரசின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இரு மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மாநிலம் மாறியும் கலப்படச் சட்டம் மாறவில்லை.

அந்தச் சட்டம் திருடனைப் பிடிக்க எழுதியது. கலப்படத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று பின்னால் வந்த திருத்தங்கள் அதை இன்னும் இறுக்கின. ஊறுகாய்க்கு இது போதாதென்று 1955-ன் பழப் பொருள் ஆணை வேறு. நேர்மையாகச் சமைத்துச் சிறிய அளவில் விற்பவருக்கு இதில் எங்கே இடம்?

2006-ல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தையும் ஆணைகளையும் நீக்கி ஒன்றாக்கியது. என்னைப் பொறுத்தவரை அதன் மிக நல்ல பகுதி 31-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. சிறு உற்பத்தியாளர், தெருவில் கூவி விற்பவர், தற்காலிகக் கடை போடுபவர் ஆகியோருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்கிறது அது. 2011 ஆகஸ்டில் விதிகள் அமலானபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவரைச் சிறியவர் என்றார்கள். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இன்னொரு கருணையும் அதில் உண்டு. விண்ணப்பித்த ஏழு நாளில் அதிகாரி பதிவு தரவோ மறுக்கவோ ஆய்வுக்கு உத்தரவிடவோ இல்லையென்றால் தொழிலைத் தொடங்கிவிடலாம். கோப்பு தூங்கினால் அடுப்பு அணைய வேண்டியதில்லை.

சமய, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குபவரையும் இதே விதி சிறியவர் பட்டியலில் சேர்க்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் பக்தருக்கு அன்னதானம் போடுபவரும் பதிவு செய்ய வேண்டியவர்தான். பலர் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆயிரம் பேர் உண்ணும் சோற்றுக்கு யாராவது பெயர் கொடுத்து நிற்க வேண்டும்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்த நாள், முகவரி என்று லேபிளில் கேட்பதெல்லாம் நியாயம். ஆனால் அவை ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும் என்கிறது விதி. மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். கனகம்மாசத்திரத்தில் செய்து, தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் வாங்கித் தின்கிற ஊறுகாயில், உப்பு எவ்வளவு, எண்ணெய் என்ன என்பதைத் தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது. சிறியவருக்கென்று தனிப்பதிவு கண்ட சட்டம், உள்ளூரிலேயே விற்கும் பதிவுதாரருக்கு மாநில மொழி லேபிள் போதும் என்று இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.