தங்கமீனின் வடிவும் அதன் உபாதையும்

கண்ணாடித் தொட்டியில் நெடுநாள் சுகமாக வளர்ந்த தங்கமீன் ஒன்று, ஒரு நாள் வயிற்றை மேலே காட்டித் தலைகீழாக மிதப்பதையோ, எழ முயன்றும் எழ இயலாமல் அடித்தளத்தில் சாய்ந்து கிடப்பதையோ கண்டவர்கள், அதன் ஆயுள் முடிந்தது என்றே எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அம்மீன் முழுப் பிரக்ஞையுடனே இருக்கிறது. இரையைக் கண்டால் அதன் வாய் திறக்கிறது. தேகத்தினுள் இருக்கும் காற்றுப்பை தன் தொழிலிலிருந்து வழுவியதே அதற்கு நேர்ந்த உபாதை. இவ்வுபாதை நீண்ட உடலுடைய சாதாரண மீன்களை விட்டு, உருண்டு திரண்ட அலங்கார வகைகளையே மிகுதியாகப் பற்றுவதற்குக் காரணம் தேடுவோர், தொட்டியை விட்டுச் சீன தேசத்தின் சரித்திரத்திற்குள் புகவேண்டியவர்களாகிறார்கள்.

தங்கமீனின் மூதாதை, சீனத்து ஏரிகளிலும் ஓடைகளிலும் இன்றும் வாழ்கின்ற, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, மங்கிய சாம்பல் நிறம் கொண்ட ஓர் உணவுமீன். அவற்றிடையே எப்போதேனும் ஒன்று இயற்கையின் விசித்திரத்தால் செந்நிறமாகவோ பொன்னிறமாகவோ பிறப்பதுண்டு. செந்நிறச் செதில்களையுடைய மீன்களைப் பற்றிய குறிப்புகள் கி.பி. 265 முதல் 420 வரை ஆண்ட சின் வம்சத்தின் காலத்தையே எட்டுகின்றன. உயிர்களைக் கொல்லாமல் நீரில் விடுவது புண்ணியம் என்று கருதிய பௌத்தர்கள், இத்தகைய அபூர்வ மீன்களைக் கோயில் குளங்களில் விட்டுக் காத்தார்கள். பின்னர் சோங் வம்சத்துச் சக்கரவர்த்தி காவோசோங், 1162-இல் அரியணையைத் துறந்து ஹாங்சோ நகரத்து அரண்மனையில் வாழ்ந்த நாளில், அங்கே பொன்மீன்களுக்கென்று ஒரு குளம் இருந்தது. இது வரையில் மாறியது நிறம் ஒன்றே என்பதை நாம் மறத்தலாகாது. குளத்தில் வாழ்ந்த மீன் கொக்குக்குத் தப்பவும், இரைக்குப் போட்டியிடவும், ஆழத்திற்கும் மேற்பரப்புக்கும் விரைந்து செல்லவும் கடமைப்பட்டிருந்தமையால், அதன் தேகம் மூதாதையின் நீண்ட வடிவத்தை விட்டு வெகுதூரம் விலகவில்லை.

பெரும் மாறுதல் நேர்ந்தது மிங் வம்ச காலத்திலேதான். செல்வர்கள் மட்டுமின்றி நகரத்துச் சாமானிய ஜனங்களும் மீனைக் குளத்திலிருந்து எடுத்து, வீட்டு முற்றத்து மண்சாடிகளிலும் பீங்கான் தொட்டிகளிலும் வளர்க்கலாயினர். சாடிக்குள் பகையில்லை, இரைக்குப் போராட்டமில்லை, ஆகவே குளத்தில் பிறந்திருந்தால் ஒரு வாரமும் தாங்காத குறையுடல் மீன்கள், சாடியில் பிழைத்து, வளர்ந்து, முட்டையிட்டுச் சந்ததியையும் பெருக்கின. இரட்டை வால் தோன்றிற்று. உடல் குறுகி வயிறு பருத்தது. சூசோ வட்டாரத்தைச் சேர்ந்த சாங் சியாந்தே என்பார் 1596-இல், தமது இருபது வயதையொட்டிய இளமையில், சாதிலிங்க நிற மீன்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார் என்றால், அக்கலை எவ்வளவு முற்றியிருந்தது என்பது விளங்கும். இங்கே நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு: அக்காலத்து ரசிகர் மீனை எப்போதும் மேலிருந்தே நோக்கினார், மேலிருந்து நோக்குபவர்க்கு உருண்ட முதுகும் விரிந்த வாலும் அழகாகத் தோன்றின, அவ்வழகுக்காக உள்ளுறுப்புகள் கொடுத்த விலை அவர் கண்ணுக்குத் தென்படவில்லை.

ஜப்பானுக்கு இம்மீன் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்றதாக அந்நாட்டார் கூறுவர். 1724-இல் யனகிசாவா யோஷிசாதோ என்னும் பிரபு கை என்னும் மாகாணத்திலிருந்து யமாதோ கோரியாமாவுக்கு மாற்றப்பட்டபோது தங்கமீனும் அவருடன் வந்தது என்பது அவ்வூர்ப் பெருமை. அவருடைய குடிப்படையினரான சாமுராய்கள் பொழுதுபோக்காகத் தொடங்கிய வளர்ப்பு, பின்னாளில் அவர்களுடைய மானியம் நின்றபோது ஜீவனோபாயமாயிற்று. இன்றும் அவ்வூர் தங்கமீனுக்குப் பெயர் பெற்றது. முதுகுத் துடுப்பே இல்லாத ரஞ்சு என்னும் வகை, மேலிருந்து காண்பதற்கென்றே அந்நாட்டில் செம்மை செய்யப்பட்டது.

இனி அந்தக் காற்றுப்பையைக் கவனிப்போம். நம் கடற்கரை மீனவர் பெரிய மீன்களிலிருந்து எடுத்து உலர்த்தி விற்கும் நெட்டி என்பதும் இதே உறுப்புதான். மீனின் தசையும் எலும்பும் நீரைவிடக் கனமானவை. அக்கனத்தை ஈடு செய்யவே நன்னீர் மீன்களின் உடற்பருமனில் ஏறக்குறைய 7 அல்லது 8 சதவீதத்தை இப்பை நிரப்புகிறது. மீனை நீரில் சமநிலையில் நிறுத்துவது இதுவே என்பதை இத்தாலிய அறிஞர் பொரெல்லி, 1680-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் விளக்கினார். கெண்டை இனத்தில் இப்பை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிந்து, ஒரு மெல்லிய குழாயால் உணவுக்குழலோடு இணைந்திருக்கிறது. முன்னறைக்கும் செவிக்கும் இடையே அமைந்த சிற்றெலும்புகளை 1820-இல் ஜெர்மானியர் வேபர் விவரித்தார். மேலும் தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. நீண்ட உடலில் இவையெல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்திருக்க, உருண்ட உடலிலோ, சிறு பெட்டியில் திணித்த துணிகளைப் போல, சுருண்ட குடலும் சினையும் நெருங்கிக் கிடக்கின்றன. பையின் பின்னறை குறுகியோ கோணியோ போகிறது. அந்த நெருக்கத்தில் மலச்சிக்கலோ, குடலில் வாயுவோ, கிருமித் தொற்றோ சிறிது நேர்ந்தாலும் சமநிலை குலைகிறது.

இக்குலைவு கண்ணுக்குத் தெளிவாகத் தென்படக் கண்ணாடித் தொட்டி வழிவகுத்தது. 1850-இல் லண்டன் ரசாயன அறிஞர் வாரிங்டன், தங்கமீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று பேணி வாழும் வகையை வெளியிட்டார். 1853-இல் அந்நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் கண்ணாடித் தொட்டிகளைக் கொண்ட மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பிறகு மனிதர் மீனைப் பக்கவாட்டில் நோக்குவது பரவலாயிற்று. பீங்கான் சாடியில் அறிதற்கு அரிதாயிருந்த சாய்வும் கவிழ்வும் கண்ணெதிரே தெரியலாயின.

ஆகவே இது மனிதரின் விருப்பம் சமைத்த உபாதை. அதனால் வருந்தும் மீனைப் பேணும் கடமையும் நம்முடையதே. மீன் கவிழ்ந்தால் முதலில் ஆராய வேண்டியது தண்ணீர். அம்மோனியா ஏறிய அழுக்கு நீரில் எம்மருந்தும் பயன் தராது. நீரைப் பகுதி பகுதியாக மாற்றி, இரண்டு மூன்று நாள் இரை நிறுத்தி, குளிர்ந்திருப்பின் நீரை மெல்ல மெல்லச் சற்று வெதுவெதுப்பாக்கினால், மந்தித்த ஜீரணம் மீளக்கூடும். அதன் பின் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறு துணுக்குகளாகக் கொடுப்பது வளர்ப்போரிடையே வழக்கம். மலச்சிக்கலுக்கு அது உதவலாம், தொற்றுக்கோ பிறவிக் கோணலுக்கோ உதவாது. மிதக்கும் இரையைக் கொத்தும்போது காற்றையும் விழுங்குவதால், மூழ்கும் இரையை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடுதல் நலம். அடியில் கிடக்கும் மீனுக்கு நீர்மட்டத்தைக் குறைத்து, வயிறு உராய்ந்து புண்ணாகாதபடி கூரிய கற்களை அகற்ற வேண்டும். வாரக்கணக்கில் தேறாவிடின், எக்ஸ்ரே எடுத்துப் பையின் நிலையைக் காணக்கூடிய கால்நடை மருத்துவரை நாடுங்கள். தலைகீழாய் மிதந்தபடியே உண்டு பல மாதம் வாழும் மீன்களும் உண்டாதலால், கவிழ்ந்த அன்றே அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.