காலவெளி

காலவெளி (பெயர்ச்சொல்): நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று பரிமாணங்களோடு காலத்தை நான்காவதாகச் சேர்த்து, 1908-இல் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி வகுத்த ஒற்றை வடிவியல் அமைப்பு.

இத்தொகைச்சொல்லின் பிற்பகுதியான 'வெளி' திறந்த இடம், புறம், வானம் எனப் பல பொருள்படும். வெண்மையையும் ஒளியையும் சுட்டும் 'வெள்' என்னும் அடியோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்துக்குரிய சிதம்பரத்தில், சிற்சபையின் திரை விலகும்போது உருவம் ஏதுமின்றிப் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெளியே வழிபடப்படுகிறது. இன்றைய கடலூர் மாவட்டத்து வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை அமைத்த வள்ளலாரும் ஞானநிலைகளைப் பல வெளிகளாகப் பெயரிட்டுப் பாடினார்.

இயற்பியலிலோ, 1915-இல் ஐன்ஸ்டைன் நிறுவிய பொதுச் சார்பியலின்படி, பொருளாலும் ஆற்றலாலும் வளைவது காலவெளி. தொடக்ககாலப் பேரண்டம் விரிந்து குளிர்ந்தபோது, ஒன்றையொன்று எட்டாத் தொலைவிலிருந்த பகுதிகள், நீர் உறைகையில் பனிக்கட்டியில் விரிசல்கள் தங்குவதுபோல, தமக்குள் இசையாத நிலைகளை மேற்கொண்டிருந்தால், அவற்றிடையே தொடர்மாற்றத்தால் நீக்கவியலாத 'இடவியல் குறைகள்' எஞ்சியிருக்கும் என 1976-இல் டாம் கிப்பிள் விளக்கினார். அவற்றுள் மெல்லிய இழையாக நீள்வது அண்டச் சரடு. தன்னைச் சூழ்ந்த காலவெளியின் வடிவியலை மாற்றும் நேரான சரடொன்றைச் சுற்றி வரையப்படும் வட்டத்தின் சுற்றளவு வழக்கமான அளவினும் குறைந்திருக்குமாதலால், அதன் பின்னுள்ள விண்மீன்திரள் இரட்டையாகத் தோன்றக்கூடும். அண்டச் சரடு இதுவரை கண்டறியப்படவில்லை எனினும், பேரண்டத்தின் இளமையை அறியும் அரிய தடயமாக அது தேடப்பட்டு வருகிறது.