யோர்தான் கரையில் முதலில் நின்றவர்

இயேசு தன் ஊழியத்தை எங்கே தொடங்கினார்?

கோரமண்டலிலோ சாம்பியன் ரீஃப்ஸிலோ ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்த யாரைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். ஒருவர் யோர்தான் நதி என்பார். இன்னொருவர் கானா ஊர்க் கல்யாணம் என்பார். கலிலேயா கடற்கரையில் மீனவர்களை அழைத்ததுதான் என்பார் மூன்றாமவர். இல்லவே இல்லை, நாசரேத் ஜெப ஆலயம் என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் நாலு பேரும் வேதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நாலு பேருக்கும் சுவிசேஷத்தில் சாட்சி இருக்கிறது.

இது பக்திப் பதிவு அல்ல, மறுப்புப் பதிவும் அல்ல. ஒரே தொடக்கத்தை நான்கு பேர் எழுதும்போது என்ன நடக்கிறது என்று சரித்திரக் கண்ணோடு பார்க்கும் முயற்சி, அவ்வளவுதான். எனக்குத் தொழில் கணினி, இறையியல் அல்ல. ஆனால் தங்கவயலில் பிறந்தவனுக்குத் 'தொடக்கம்' என்ற சொல் கொஞ்சம் உறுத்தும். ஏன் என்பதைப் பிற்பாதியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் தகவல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகிற ரயிலில் ஒரு ஸ்டேஷனாக வரும் நம் கோரமண்டல், சோழமண்டலம் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்து வந்த வடிவம். அந்தச் சோழமண்டலக் கரையில், தரங்கம்பாடியில்தான் 1714-ல் சீகன்பால்கு நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சிட்டார். ஆக, இந்த நான்கு தொடக்கங்களும் முந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழ் அச்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதுதான் குறைவு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாற்கு: நேராக ஆற்றங்கரைக்கு

நான்கில் பழையது மாற்கு என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். இதில் தொழுவம் கிடையாது, மேய்ப்பர் கிடையாது, வான சாஸ்திரிகள் கிடையாது. வனாந்தரத்தில் யோவான் ஸ்நானகன் நிற்கிறார். (கத்தோலிக்க நண்பர்களுக்கு: திருமுழுக்கு யோவான். சுவிசேஷம் எழுதிய யோவானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அவரிடம் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். நாசரேத்திலிருந்து வந்த இயேசுவும் அவர்களைப் போலவே ஆற்றில் இறங்குகிறார். மாற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை.

பிறகு நாற்பது நாள் வனாந்தரம். அதன்பின் மாற்கு போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார்: யோவான் சிறையில் அடைக்கப்பட்ட பிறகுதான் இயேசு கலிலேயாவுக்கு வந்து பிரசங்கம் செய்யத் தொடங்கினார். ஒருவர் பேச முடியாமல் போன பிறகு இன்னொருவர் பேசத் தொடங்குகிறார்.

அடுத்து மீனவர்கள். யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கூலியாட்கள் மாற்குவில் மட்டும்தான் வருகிறார்கள். கிழவரைத் தனியாக விட்டுப் போகவில்லை, வேலைக்கு ஆள் இருந்தது என்கிற மாதிரி. அப்பா அம்மாவை ஊரில் விட்டு விமானம் ஏறிய நமக்கு இந்த வரி சற்று அதிகமாகவே புரியும்.

மத்தேயு: ஏன் இவர் அவரிடம் போனார்?

மத்தேயு எழுதும் காலத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுப்பவர் பெரியவரா, பெறுபவர் பெரியவரா? பாவ அறிக்கைக்கான ஸ்நானம் இயேசுவுக்கு எதற்கு? மாற்குவில் இல்லாத ஒரு உரையாடலை மத்தேயு இங்கே வைக்கிறார். யோவான் தடுக்கிறார்: நான் அல்லவா உம்மிடம் வரவேண்டும் என்கிற அர்த்தத்தில். இயேசு, இப்போதைக்கு இது நடக்கட்டும் என்று சமாதானம் சொல்கிறார்.

இன்னொன்றும் மத்தேயுவில் தெளிவாக இருக்கிறது. இயேசு நாசரேத்தை விட்டுக் கடற்கரை ஊரான கப்பர்நகூமில் போய்க் குடியேறுகிறார். அதற்கு ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை ஆதாரம் காட்டுகிறார் மத்தேயு. ஊழியத்தின் தொடக்கம் ஒரு குடிபெயர்தலோடு வருகிறது.

லூக்கா: தேதி போட்டு எழுதுபவர்

லூக்காவுக்குச் சரித்திர ஆசிரியர் பாணி பிடிக்கும். யோவான் பேசத் தொடங்கியதைச் சொல்லும்போது திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷம் என்று ஆரம்பித்து, பொந்தியு பிலாத்து, ஏரோது, பிரதான ஆசாரியர்கள் என்று அதிகாரத்தில் இருந்தவர்களை வரிசையாக அடுக்குகிறார். திபேரியு பட்டத்துக்கு வந்தது கி.பி. 14. அப்படியானால் 28 அல்லது 29. இயேசுவுக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயது என்றும் சொல்கிறார்.

ஆனால் இதே லூக்கா ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஏரோது யோவானைச் சிறையில் வைத்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறார். அதற்கடுத்த வசனத்தில்தான் இயேசு ஞானஸ்நானம் பெற்ற செய்தி வருகிறது. கொடுத்தவர் யார் என்ற பெயர் அந்த இடத்தில் இல்லை!

பிறகு நாசரேத். சொந்த ஊர் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசிக்கிறார். ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்ற பகுதி. முதலில் வியந்த ஊரார் கடைசியில் மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்க்கிறார்கள். மாற்குவில் நாசரேத்தார் நிராகரிக்கும் கதை ஆறாம் அதிகாரத்தில்தான் வருகிறது. லூக்கா அதை விரித்து முன்னுக்குக் கொண்டுவந்து முகப்பில் வைத்துவிட்டார் என்பது பலரின் முடிவு. தடயமும் அங்கேயே இருக்கிறது: கப்பர்நகூமில் செய்ததாகக் கேள்விப்பட்டதை இங்கேயும் செய் என்று ஊரார் சொல்வார்கள் என அதே பேச்சில் வருகிறது. லூக்காவின் கதைப்படி அவர் இன்னும் கப்பர்நகூமில் எதுவும் செய்ததாகவே சொல்லப்படவில்லை.

யோவான்: ஆறு கல்ஜாடிகளும் ஒரு சாட்டையும்

நான்காம் சுவிசேஷத்தில் இயேசு ஆற்றில் இறங்கும் காட்சியே கிடையாது. ஸ்நானகன் அவரைப் பார்த்துச் சாட்சி சொல்வதோடு சரி. முதல் அடையாளம் கானா ஊர்க் கல்யாணம். ஆறு கல்ஜாடித் தண்ணீர் திராட்சரசமாகிறது. உடனே எருசலேம் தேவாலயத்தில் சாட்டையோடு வியாபாரிகளை விரட்டும் காட்சி. மற்ற மூவரும் இதைக் கடைசி வாரத்தில் வைக்கிறார்கள், இவர் தொடக்கத்தில் வைக்கிறார்.

அந்த இடத்தில் தேவாலயம் கட்டி நாற்பத்தாறு வருஷம் என்று ஒரு பேச்சு வருகிறது. ஏரோது மன்னன் அதைக் கட்டத் தொடங்கியது கி.மு. 20-19 வாக்கில். கூட்டிப் பார்த்தால் கி.பி. 27-28. லூக்கா சொன்ன காலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கதையின் வரிசை வேறு வேறாக இருந்தாலும் காலம் அவ்வளவு தள்ளிப் போகவில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இயேசுவின் முதல் சீடர்களில் அந்திரேயாவும் இன்னொருவரும் அதற்கு முன் ஸ்நானகனின் சீடர்கள் என்று சொல்வது இந்த சுவிசேஷம் மட்டுமே. யோவான் சிறைக்குப் போகும் முன்பே இருவரும் ஒரே சமயத்தில் ஊழியம் செய்தார்கள் என்றும் சொல்கிறது. யாரிடம் அதிகம் பேர் போகிறார்கள் என்ற முணுமுணுப்பு வரை பதிவாகியிருக்கிறது.

மறைக்க முடியாத மனிதர்

இப்போது நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்கு சும்மா சொல்லிவிட்டார். மத்தேயு விளக்கம் கொடுத்தார். லூக்கா பெயரை நகர்த்தினார். யோவான் காட்சியையே விட்டுவிட்டார். ஸ்நானகன் படிப்படியாக ஒதுங்குகிறார்.

சரித்திரம் படிப்பவர்கள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். எழுதுகிறவருக்கே சங்கடம் தரும் செய்தியை அவர் இட்டுக்கட்டியிருக்க மாட்டார் என்பது அவர்களுடைய அளவுகோல்களில் ஒன்று. அதனால்தான் இயேசு யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை, விசுவாசம் இல்லாத ஆய்வாளர்களும்கூட ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள்.

வெளிச்சாட்சியும் இருக்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், கி.பி. 93-94 வாக்கில் முடித்த நூலில், ஜனங்கள் திரண்டு யோவான் பின்னால் போனதைக் கண்டு கலகம் வரும் என்று பயந்த ஏரோது அந்திப்பா அவரை மக்கேருஸ் கோட்டையில் கொன்றதாக எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பவுல் எபேசு பட்டணத்தில் சிலரைச் சந்திக்கிறார். அவர்களுக்குத் தெரிந்தது யோவானின் ஞானஸ்நானம் மட்டும்தான்! தலைவர் இறந்து சுமார் இருபது வருஷம் கழித்து, யோர்தானிலிருந்து அத்தனை தூரத்தில். அது சின்ன இயக்கமாக இருந்திருக்க முடியாது.

சங்கடம் இருந்தும் நான்கு பேரில் ஒருவரும் அவர் பெயரை அழித்துவிடவில்லை. தங்கள் தலைவர் இன்னொருவரின் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டவர் என்பதை ஏதோ ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டே தொடங்குகிறார்கள்.

நம் ஊர்த் தொடக்கம்

இப்போது தங்கவயலுக்கு வருகிறேன். நம் ஊர்க் கதையை எங்கே தொடங்குவார்கள்? பெரும்பாலும் லாவெலில். நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்று பெங்களூரில் தங்கிய சிப்பாய், 1873-ல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கேட்டவர். அப்புறம் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி. அப்புறம் ரயில், 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். கடைசியில் 28 பிப்ரவரி 2001, சுரங்கத்துக்குப் பூட்டு.

லாவெலுக்கு முன்னால் ஒருவர் உண்டு. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன். அவர் விட்டுப்போன குறிப்புதான் லாவெலுக்கு வழிகாட்டி. வாரனுக்கு வழிகாட்டியது யார்? மாரிக்குப்பம், ஊரிகம் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். அவர் கண்முன்னே மண்ணைக் கழுவி, தங்கத்தூளை எடுத்துக் காட்டியவர்கள். ஆக, அந்த மண்ணில் முதலில் நின்றவர்கள் அவர்கள். லாவெல் பெயர் நமக்குத் தெரியும், வாரன் பெயர் சிலருக்குத் தெரியும். அந்த ஜனங்களில் ஒருவர் பெயர்கூட நம் ஊர்க் கதையில் இல்லை.

அதற்குப் பின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பாதாளத்தில் இறங்கிய நம் பாட்டன்மாரின் கதையும் அப்படித்தான். கம்பெனிப் பெயரும் வெள்ளைக்கார மேலாளர் பெயரும் சரித்திரத்துக்குப் போயின. லைன் வீடுகளில் இருந்தவர்கள் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கினார்கள். சயனைடு மணல்மேடுகள் மட்டும் அவர்கள் தோண்டியதற்கு அத்தாட்சியாக நிற்கின்றன.

மாற்குவுக்கு ஸ்நானகனை விட்டுவிட்டு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். எழுதவில்லை. நம் குடும்பக் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? அப்பாவுக்கு வேலை கிடைத்தது, விசா வந்தது, இந்த நாட்டுக்கு வந்தோம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நமக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட ஷிஃப்ட்டுக்கு மேல் ஷிஃப்ட் இறங்கியவர் அந்தக் கதையில் எத்தனையாவது வரியில் வருகிறார்? வருகிறாரா?

ஒரு ஞாயிறு மதியம் நேரம் கிடைத்தால் மாற்கு ஒன்று, மத்தேயு மூன்று-நான்கு, லூக்கா மூன்று-நான்கு, யோவான் ஒன்றிலிருந்து மூன்று வரை, ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் எங்கே தொடங்குகிறார் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அது முடிந்ததும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். தங்கவயலுக்கு நம் குடும்பத்திலிருந்து முதலில் வந்தது யார், எந்தக் கிராமத்திலிருந்து, எந்த மைனில் இறங்கினார் என்று கேளுங்கள். அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.