அறிவிக்கப்படாத பாதுகாவலர்

தொலைத்தொடர்புப் பணியாளருக்குக் கபிரியேல் வானதூதரை 1951இலும், தொலைக்காட்சிக்கு அசிசி நகரப் புனித கிளாராவை 1958இலும் பாதுகாவலராக அறிவித்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். இணையத்தின் பாதுகாவலர் எனப் பெயர்பெற்ற செவில் நகரப் புனித இசிதோருக்கோ அத்தகைய ஆணை எதுவும் இல்லை. 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவ்வாறு அறிவித்தார் என்னும் செய்தி, ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்தெழுதியதால் பரவியதேயாகும். ஆணையின்றியே மக்கள் வழக்கு அவரை அவ்விடத்தில் அமர்த்திவிட்டது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அகுதிஸையும் (1991–2006) பலர் இன்று அப்பெயரால் போற்றுகின்றனர். நற்கருணை அற்புதங்களைத் திரட்டி இணையத்தில் வைத்த இளைஞர் அவர். தொகுப்போர்க்கே இப்பெருமை வாய்க்கிறது போலும்!

இசிதோரும் தொகுப்பாளரே. மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்தபின், விசிகோத்து மன்னர்கள் ஆண்ட ஸ்பெயினில் வாழ்ந்தவர். தமையனார் லியாந்தருக்குப் பின், கி.பி. 600ஐ ஒட்டிச் செவில் நகரின் பேராயரானார். 636 ஏப்ரல் 4ஆம் நாள் மறைந்தார். இலக்கணம், மருத்துவம், சட்டம், விலங்குகள், கற்கள், உழவு, கப்பல், அடுக்களைக் கலம் என உலகனைத்தையும் 'சொற்பிறப்பியல்' என்னும் இலத்தீன் நூலுள் அடக்க முயன்றார். ஒரு பொருளை அறிய அதன் பெயர் பிறந்த வழியை அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லையே வாயிலாகக் கொண்டு பொருளுக்குள் புகும் இம்முறை கவிஞர்க்கு அயலானதன்று.

அவ்வாயில் எப்போதும் சரியான இடத்திற்கே இட்டுச்சென்றது எனக் கூறுவதற்கில்லை. மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்பதை மண்ணைக் குறிக்கும் 'ஹுமுஸ்' என்பதோடு அவர் இணைத்தது இன்றைய மொழியியலுக்கும் உடன்பாடே. இரவைக் குறிக்கும் 'நோக்ஸ்' மட்டும், கண்ணுக்குத் தீங்கு செய்வதால், 'தீங்கிழைத்தல்' என்னும் பொருளுடைய 'நொக்கேரே' என்பதிலிருந்து பிறந்தது என்றார். அழகிய கற்பனை, ஆயினும் பிழை. பழைய ஆசிரியர்கள் கூறியவற்றைப் பெரும்பாலும் ஆராயாமலே எடுத்தாண்டார் என்னும் குறை அவர்மேல் உண்டு. எனினும் மூலநூல்கள் அழிந்தொழிந்த பல செய்திகள் அவர் ஏட்டில் தங்கியமையால்தான் நமக்குக் கிடைக்கின்றன. இக்குறையும் இப்பயனும் ஒரே பழக்கத்தின் இரு விளைவுகள். இணையத்திற்கு இவரினும் பொருத்தமான பாதுகாவலரை எங்கே தேடுவது?

அந்நூல் வெளிவந்த கதையும் சுவையானது. அதனை அனுப்புமாறு சரகோசா நகர ஆயர் பிராவுலியோ ஏழாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தமக்கு இன்னும் வந்து சேராத அந்நூல், வெட்டுண்டும் அரிக்கப்பட்டும் பலர் கைகளில் ஏற்கெனவே உலவுவதைச் சுட்டி, உரிமையோடு சினந்து ஒரு மடல் எழுதினார். உடல்நலம் குன்றியிருந்த இசிதோர், திருத்தி முடிக்காமலே ஏட்டை அனுப்பி, பிழை களையும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். அதனை இருபது பகுதிகளாக வகுத்தவர் பிராவுலியோவே. 1472இல் ஆகஸ்பர்க் நகரில் அச்சேறும்வரை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அது கையாலேயே படியெடுக்கப்பட்டு வந்தது.