நெறி கட்டலைன்னா புற்றுநோய் பரவலையா? ஒரு சின்ன வரலாறு

1/ "ஸ்கேன்ல நெறிக்கட்டி பெருசா இல்லைன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் டாக்டர் அதையும் எடுக்கணும்னு சொல்றீங்க?" அடிக்கடி கேட்கப்படும் நியாயமான கேள்வி. பதிலுக்கு எழுபது வருஷம் பின்னாடி போகணும்.

2/ 1952. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் கின்மோந்த், உயிரோடிருக்கும் மனிதரின் நிணநீர்க் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டும் முறையை வெளியிட்டார். கால்விரல் இடுக்கில் நீலச் சாயம் போட்டால் நூல் மாதிரி குழாய் நீலமாகத் தெரியும். பாதத்தில் சின்னதாகக் கீறி, அதற்குள் மெல்லிய ஊசி நுழைத்து, கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்துவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

3/ பிறகு சி.டி., எம்.ஆர்.ஐ. வந்தன. கீறல் வேண்டாம். ஆனா ஒரு சிக்கல்: இவை பெரும்பாலும் பார்ப்பது நெறியின் அளவைத்தான். சுமார் 1 செ.மீ.க்கு மேல் போனால் சந்தேகம். ஆனால் சாதாரணக் கிருமித்தொற்றிலும் நெறி வீங்கும், 5 மி.மீ. நெறிக்குள்ளும் புற்று ஒளிந்திருக்கும்.

4/ இதற்கு விடையாக வந்தது இரும்பு. மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ரத்தக்குழாயில் ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நல்ல நெறியில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இரும்பை விழுங்கிவிடும். படத்தில் அது கறுத்துப்போகும். புற்று பிடித்த இடத்தில் விழுங்க ஆளில்லை. அது வெளுப்பாகவே நிற்கும். அளவைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கும் சோதனை இது.

5/ 2003-ல் ஹரிசிங்கானி, பாரென்ட்ஸ், வைஸ்லெடர் குழுவினர் 80 புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 33 பேருக்கு நெறியில் பரவியிருந்தது. 33 பேரையும் சரியாகக் கண்டுபிடித்தது. புற்று இருந்த 63 நெறிகளில் 45, அளவை மட்டும் பார்த்திருந்தால் தப்பியிருக்கும். பத்தில் ஏழு!

6/ அப்படின்னா இன்னைக்கு எல்லா ஊரிலும் இருக்கணுமே? இல்லை. 2005-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஆதரிக்கவில்லை. 2007-ல் ஐரோப்பாவிலும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நல்ல ஆய்வு மட்டும் மருந்தைக் கடைக்குக் கொண்டுவராது. பின்னர் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இதற்கிடையே பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்து புராஸ்டேட்டில் முன்னே போய்விட்டது. அதற்கும் மிகச் சிறிய பரவல் தப்பலாம்.

7/ ஆகவே நண்பர்களே, "நெறி பெருசா இல்லை" என்றால் "பரவவில்லை" என்று அர்த்தமில்லை. "பெருசா இருக்கு" என்றாலும் புற்றுதான் என்று பயந்து உறைய வேண்டாம். ரிப்போர்ட்டை நீங்களே படித்து முடிவு கட்டாமல், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்த ஸ்கேனுக்குத் தெரியாதது என்ன?" கேட்கத் தயங்காதீங்க.